நான்கு போத்தல் டெக்கீலாவும் ஒரு தம்பூன் பம்ளிமாசும்

டெக்கீலா ருசி பார்த்த முதல் சுற்றை நான் தவறாகவே நடத்தினேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வர முடியும்.

அகாவே என்ற, கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோச் சாராயம்தான் டெக்கீலா. வீட்டில் அது மூன்று போத்தல்கள் சேர்ந்திருந்தன. ஒன்று மச்சான் லங்காவியிலிருந்து கொண்டுவந்தது. இன்னொன்று ஈப்போவில் நான் வாங்கியது. மூன்றாவது ஒரு திருமண விருந்தில் மிஞ்சி, எப்படியோ என் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. நிறமே இல்லாத பிளாங்கோ, வைக்கோல் நிற ரெப்போசாடோ, தேயிலைச் சாயம் போன்ற அன்யேஹோ. மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் பெரிய கண்டுபிடிப்பு போல எழுதினேன்: "வயது ஏற ஏறக் காரம் குறைகிறது, இனிப்பு கூடுகிறது."

மச்சான் போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து மேட்டு நிலத்தில், அரான்தாஸ் பக்கம் வடித்தது. இன்னொன்று கீழே பள்ளத்தாக்கில், டெக்கீலா என்ற ஊரிலேயே வடித்தது. கல்யாண வீட்டுப் போத்தலில் 'நூறு விழுக்காடு அகாவே' என்ற சொற்களே இல்லை. அந்தச் சொற்கள் இல்லையென்றால், நீல அகாவேயின் சர்க்கரை 51 விழுக்காடு இருந்தாலே போதும், மிச்சம் கரும்புச் சர்க்கரையாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம் என்பது அந்த நாட்டு விதி.

"வயதையா ஒப்பிட்டீர்கள் மச்சான்? மூன்று வீட்டுச் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, பருப்பு எவ்வளவு நேரம் வெந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் ஒரே ஆலையில், ஒரே சரக்கிலிருந்து வந்த வெவ்வேறு வயதுப் போத்தல்கள் வேண்டும். ஒரே பெயர் ஒட்டியிருந்தால் போதாது. ஒவ்வொரு டெக்கீலா போத்தலிலும் 'நோம்' (NOM) என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். எந்த ஆலையில் வடித்தார்கள் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஒரே ஆலை பத்துப் பெயர்களில் போத்தல் போடுவதும் உண்டு, ஒரே பெயர் ஆலை மாறுவதும் உண்டு. நான் எண்ணைப் பார்த்து நான்கு போத்தல்களைச் சேர்க்கத் தொடங்கினேன். மூன்று கிடைத்துவிட்டன. நான்காவதான எக்ஸ்ட்ரா அன்யேஹோவின் விலையைக் கேட்டதும் கடை வாசலிலேயே திரும்பிவிட்டேன். பிறகு நான்கு பேர் பங்கு போட்டு வாங்கினோம். 'கூட்டு' என்று சொல்லவில்லை. கூட்டு, அதாவது சீட்டுப் பிடிப்பதை நம் மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, எதற்கு வம்பு.

சட்டம் என்றதும், வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வடித்த உடனே அல்லது இரண்டு மாதத்துக்குள் போத்தலில் அடைத்தால் பிளாங்கோ. ஓக் மரத்தில் குறைந்தது இரண்டு மாதம் கிடந்தால் ரெப்போசாடோ, அதாவது 'ஓய்வெடுத்தது'. ஓராண்டு கிடந்தால் அன்யேஹோ. மூன்றாண்டு கிடந்தால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ, இந்த வகை 2006-இல்தான் விதிகளில் சேர்ந்தது. கடைசி இரண்டுக்கும் பீப்பாய் 600 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ரெப்போசாடோவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பெரிய மரத்தொட்டியிலும் வைக்கலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பீப்பாய் சிறிதானால் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு மரத்தை உரசிக்கொண்டிருக்கும். பெரிய தொட்டியில் நடுவில் கிடப்பதற்கு மரம் எட்டாது. ஆகவே மாதக் கணக்கு மட்டும் முழுக்கதையைச் சொல்லாது.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். இன்றைக்குத் தாமானாக, அதாவது குடியிருப்பாக, இருக்கும் எங்கள் வரிசை வீடுகள் முன்பு பால்மரக் (ரப்பர்) காடு. என் அப்பா தலைமுறையில் தோட்டத்துக் கள்ளுக்கடை மாதச் சம்பளத்தின் முதல் பங்காளி. அதன்பின் வந்த சம்சு என்ற மலிவுச் சாராயம் பங்காளியோடு நிற்கவில்லை, ஆளையே கொண்டுபோனது. இந்த ஊரில் பிறந்த ஒருவன் சாராயத்தைப் பற்றி ஆசையாக எழுதினால் என் அம்மாவுக்குப் பிடிக்காது, அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. அதனால் எங்கள் சோதனைக்கு முதல் நாளே விதி வைத்தோம். ஆளுக்கு ஒரு சுற்றில் ஒரு வகைக்கு 15 மில்லிக்கு மேல் இல்லை. துப்புவதற்கு ஒரு பாத்திரம் மேசையிலேயே இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். மோட்டார் சாவி என் மனைவியிடம் போய்விடும். வந்தவர்கள் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அளவுக்கு வெள்ளியில் செய்த சாமான் எதுவும் இல்லை. இருமல் மருந்து போத்தலின் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும் அல்லவா, அதை நன்றாகக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டேன். தராசில் தண்ணீர் நிறுத்துப் பார்த்தேன், 15 கோட்டுக்கு 15 கிராம் சரியாக வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில்தான் தடுமாறினேன். பாயசக் கிண்ணத்தில் ஊற்றினால் வாய் அகலமாக இருப்பதால் வாசம் முகத்துக்கு வருவதற்குள் காற்றில் போய்விடுகிறது. கடைசியில், வயிறு பருத்து வாய் குறுகிய சின்ன ஜாடிகள் கைகொடுத்தன. மகளின் பிறந்தநாளில் தேன் அடைத்துக் கொடுத்ததில் மிஞ்சியவை.

வெயில் வேளையில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 33 பாகை வெப்பத்தில் ஜாடியை மூக்கருகே கொண்டுபோனால் சாராய ஆவி மட்டும்தான் முன்னால் பாய்ந்து வருகிறது. குளிர்பெட்டியில் வைத்தால் எல்லா வாசமும் தூங்கிவிடுகிறது. மத்தியான மழை கொட்டி ஓய்ந்த பிறகு, பின்கட்டில் ஈரக்காற்று வரும் அந்த ஒரு மணி நேரம்தான் வசதி.

ஜாடிகளின் அடியில் எண் ஒட்டி, எங்களுக்குத் தெரியாமல் வரிசையைக் கலைத்துவைத்தது என் மனைவி. அவள் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. ஆனால் குழம்பில் உப்பு தூக்கலா என்பதை மூடியைத் திறந்த ஆவியிலேயே சொல்லுகிற மூக்கு அவளுடையது. நான், மச்சான், பக்கத்து வீட்டுப் பெரியவர் மூவரும் ருசி பார்க்க, அவள் மோந்து மட்டும் பார்த்தாள். பெரியவர் ஒரு காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்காகத் தென்னை ஏறியவர்.

நோட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

பிளாங்கோ ஜாடியைத் திறந்தவுடன் மனைவி சொன்னது: "குக்கரில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு." நாங்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, அவள் சொன்ன பிறகு வேறு எதுவும் எங்கள் மூக்குக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அகாவே பார்ப்பதற்கு நம் ஊர்ப்பக்கத்து ஆனைக்கற்றாழையின் உறவு. ஆறேழு ஆண்டு வளர்ந்த செடியின் இலைகளைச் சீவிவிட்டால் அன்னாசி வடிவில் பெரிய குருத்து நிற்கும். அதைச் செங்கல் அடுப்பிலோ பெரிய நீராவிக் கலத்திலோ வேகவைக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற பொருள் அவ்வளவாக இனிக்காது, வேகும்போதுதான் சர்க்கரையாக உடைகிறது. கிழங்கு வாசம் அந்த அடுப்பின் வாசம். அதன் பின்னால் வெள்ளை மிளகு, நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல், கொஞ்சம் ஈர மண். நாக்கில் சுருக்கென்று ஏறி, தொண்டையில் மிளகு ரசம் போல இறங்கியது.

பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "செடியிலிருந்து வருகிறதென்றால் இதுவும் கள்தானே தம்பி?"

அகாவேக்கும் கள் உண்டு. உயிரோடு நிற்கும் செடியின் நடுக்குருத்தைத் தோண்டிவிட்டால் இனிப்புநீர் ஊறும், அதை நாள்தோறும் உறிஞ்சி எடுத்துப் புளிக்கவைப்பார்கள். வெண்மையாக, கொழகொழவென்று இருக்கும் அதற்குப் புல்கே என்று பெயர். ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே மெக்சிகோவில் இருந்தது. டெக்கீலா அதைக் காய்ச்சி எடுப்பதில்லை, வெட்டி வேகவைத்த குருத்தை நசுக்கிய சாற்றைப் புளிக்கவைத்து வடிப்பது. இதைச் சொன்னதும் பெரியவர், "அப்படியானால் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். கள் இறக்குகிறவன் மரத்தை வெட்ட மாட்டான்" என்றார். புல்கே எடுத்தாலும் அந்தச் செடி கடைசியில் பட்டுத்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு தொழில் பெருமை தெரிந்தது, அதை ஏன் கெடுக்க வேண்டும்.

ரெப்போசாடோவில் கிழங்கு அப்படியே இருந்தது, அதன்மேல் ஒரு மெல்லிய போர்வை. மிளகு சுருங்கி, கருவாப்பட்டை எட்டிப் பார்த்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு இரு கைகளையும் தேய்த்து முகர்ந்தேன். சாராயம் பறந்ததும் முதலில் பட்டை, அப்புறம் பாகு காய்ச்சும் வாசம், கை காய்ந்த பிறகு அடியில் மறுபடியும் கிழங்கு. இந்த மூன்று படிகளும் ஒன்றையொன்று விழுங்காமல் வந்தது எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது.

அன்யேஹோவில் வெண்ணிலா முன்வரிசைக்கு வந்துவிட்டது. வெண்ணிலாக் கொடியின் தாய்மண் மெக்சிகோதான், ஆனால் இந்த வாசத்துக்கும் அந்தக் கொடிக்கும் ஒட்டுறவு இல்லை. ஓக் மரத்தை நெருப்பில் வாட்டும்போது அதன் நாரிலுள்ள லிக்னின் உடைந்து வெண்ணிலின் உண்டாகிறது. மரத்திலுள்ள லாக்டோன் தேங்காய் வாசம் தருகிறது, யூஜினால் கிராம்பு வாசம் தருகிறது. கிராம்புக்குள் இருப்பதும் அதே யூஜினால்தான். மரமோ பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. போர்பன் விஸ்கியை, உட்புறம் கரித்த புத்தம்புது ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை அவர்கள் தள்ளிவிட, மெக்சிகோ வாங்கிக்கொள்கிறது. எங்கள் அன்யேஹோவில் தேங்காய் பர்பி வாசம் இருக்கிறது என்று மச்சான் எழுதியிருந்தார். நான் அதைச் சிரித்து ஒதுக்கினேன். லாக்டோன் சமாச்சாரம் தெரிந்த பிறகு சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எக்ஸ்ட்ரா அன்யேஹோ. பங்கு போட்டு வாங்கிய ராஜா. காய்ந்த திராட்சை, கருப்பட்டி, பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம், நாக்கில் வெண்ணெய் போன்ற வழவழப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண் தெரியாமல் குடித்த பெரியவர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இது பிராந்தி. நடுவில் ஏமாற்ற வைத்திருக்கிறீர்கள்." மச்சான் தன் தாளில் 'விஸ்கி?' என்று எழுதியிருந்தார். கிழங்கைத் தேடி நானும் மூன்றுமுறை முகர்ந்தேன். நான்காவது முறை கிடைத்தது போலிருந்தது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். ஆறேழு வருடம் வெயிலில் நின்று வளர்ந்த செடியின் குரல், மூன்று வருட மரத்துக்குள் கேட்காமல் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் குளிரில் மெல்ல நடக்கும் வேலை, ஹலிஸ்கோவின் வெப்பத்தில் வேகமாக நடக்கிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதும் அங்கே அதிகம். விஸ்கியின் 12 ஆண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு டெக்கீலாவின் வயதைக் குறைத்து மதிப்பிடுவது தப்பு என்று அப்போது புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்லாதீர்கள். கருக்கிய சர்க்கரை நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு ஆகியவற்றை ஒரு விழுக்காட்டு அளவுவரை சேர்க்க விதி இடம்தருகிறது. இதற்கு நேர் எதிராக, வயதான டெக்கீலாவைக் கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிட்டு 'கிரிஸ்டலினோ' என்றும் விற்கிறார்கள். தண்ணீர் போல் இருப்பது மூன்று வயதாகவும் இருக்கலாம், தேயிலை போல் இருப்பது வெறும் சாயமாகவும் இருக்கலாம்.

இதற்கு நடுவில் நான் செய்த அதிகப்பிரசங்கித்தனம் ஒன்று. மரம்தானே எல்லாம் செய்கிறது, நாமே செய்தால் என்ன என்று இறைச்சி வாட்டுவதற்கு விற்கும் ஓக் சில்லுகளை வாங்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, 100 மில்லி பிளாங்கோவில் போட்டு மூடிவைத்தேன். ஒரே நாளில் தங்க நிறம். மூன்றாம் நாள் அன்யேஹோ நிறம். வெற்றி என்று எல்லாரையும் கூப்பிட்டேன். ஐந்தாம் நாள் ருசி பார்த்தால் தச்சர் பட்டறைத் தரையை நக்கியது போலிருந்தது. மரத்தின் துவர்ப்பு வேகமாக இறங்கிவிடுகிறது. அதைத் தணிக்கிற வேலையை, பீப்பாய்ப் பலகையின் நுண்துளை வழியாக மாதக்கணக்கில் நுழையும் காற்று செய்கிறது. மூடிய ஜாடிக்குள் அது நடக்காது. 100 மில்லியும் சாக்கடைக்குப் போனது. யார் செய்தாலும் ஐந்து நாள் வேண்டாம், ஒரு நாளில் சில்லை எடுத்துவிடுங்கள்.

இனிக் கலவைகள்.

முதலில் ஐஸ். நம் ஊர் வெப்பத்தில் பாதித் தோல்வி அங்கேதான். குளிர்பெட்டித் தட்டில் உறையும் வெள்ளை ஐஸ் கட்டி, கலக்கி முடிப்பதற்குள் தண்ணீராகி எல்லாவற்றையும் நீர்க்க வைத்துவிடும். மதியச் சாப்பாடு கொண்டுபோகும் அளவிலான சின்ன ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியில்லாமல் உறைபெட்டிக்குள் வைத்தேன். சுற்றிலும் தடித்த சுவர் இருப்பதால் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். தண்ணீர் மேலிருந்து கீழாக உறையும்போது காற்றுக் குமிழிகளை அடிக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய 20 மணி நேரம் கழித்துக் கவிழ்த்தால் மேல்பாதி கண்ணாடி, அடி கலங்கல். அடியை ரொட்டிக் கத்தியால் தட்டி எறிந்துவிட்டு மேல்பாதியைக் கட்டிகளாக உடைத்தேன். குலுக்குவதற்கு மூடி திருகும் எவர்சில்வர் கூஜாவை எடுத்தேன். தைப்பூசத்துக்குப் பால் கொண்டுபோகும் கூஜா என்று மனைவி வந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு ஒரு பழைய எஃகு சுடுநீர்க் குடுவை.

மார்கரிட்டாவில் தொடங்கினோம். டெக்கீலா, ஆரஞ்சு மதுபானம், எலுமிச்சை. 50, 20, 15 மில்லி என்பது அனைத்துலக மதுக்கலவையாளர் சங்கத்தின் கணக்கு. ஆரஞ்சு மதுபானத்தை விட்டுவிட்டு அகாவே பாகு சேர்க்கும் வழியை சான் பிரான்சிஸ்கோவில் ஹூலியோ பெர்மெஹோ என்பவர் பிரபலமாக்கினார். டெக்கீலாவை ஒப்பிட அதுதான் நேர்மையான வழி, இடையில் வேறு வாசம் நுழையாது. எலுமிச்சைக்கு நம் ஊர்ச் சின்னக் கஸ்தூரி எலுமிச்சை. பாகுக்கு, குலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தைச் சம எடை தண்ணீரில் கரைத்து வடிகட்டியது.

முதல் சுற்று கசந்தது. கஸ்தூரி எலுமிச்சையைப் பெரிய எலுமிச்சை போல நினைத்து, இரும்புப் பிழியில் போட்டு ஒட்டப் பிழிந்திருந்தேன். விதை நசுங்கியும் தோலெண்ணெய் இறங்கியும் கைத்துவிட்டது. இரண்டாவது முறை காம்புப் பக்கம் மெல்ல வெட்டி, விரலால் அழுத்தி, தேயிலை வடிகட்டியில் விட்டேன். ஆறேழு பழத்துக்கு 25 மில்லி கிடைத்தது. டெக்கீலா 45, சாறு 25, பாகு 15, ஒரு கிள்ளு உப்பு. குடுவையில் ஐஸோடு பத்து விநாடிக்கு மேல் குலுக்கி வடிகட்டினால் போதும்.

நான்கு வகையிலும் செய்தோம். பிளாங்கோவில் குலா மலாக்கா தூக்கலாகிவிட்டது, அதற்கு வெள்ளைச் சர்க்கரைப் பாகே பொருத்தம். அப்போதுதான் கிழங்கும் எலுமிச்சைத் தோலும் தெரிந்தன. ரெப்போசாடோவில் குலா மலாக்கா பிசகாமல் உட்கார்ந்தது. பட்டை வாசமும் கருகிய பாகு வாசமும் ஒரு வீட்டு அக்காள் தங்கை போலிருந்தன. அன்யேஹோவில் மரத்தின் துவர்ப்பு புளிப்போடு மோதிப் பாக்கு மென்றது போல வாய் வறண்டது. எக்ஸ்ட்ரா அன்யேஹோவில் 20 மில்லி மட்டும் வைத்துச் சின்னதாகச் செய்தேன். பங்காளிகள் மூவரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சோதனையை அதோடு நிறுத்திக்கொண்டேன். மகாராஜாவைக் கூட்டிவந்து மாவு ஆட்டச் சொன்னது போலிருந்தது.

அடுத்து பலோமா. மெக்சிகோவில் மார்கரிட்டாவைவிட இதைத்தான் சாதாரணமாகக் குடிப்பார்கள்: டெக்கீலா, எலுமிச்சை, உப்பு, திராட்சைப்பழச் சோடா. 'திராட்சைப்பழம்' என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் அந்தக் கிரேப்ஃபுரூட், பம்ளிமாசும் ஆரஞ்சும் கரீபியத் தீவில் கூடிப் பிறந்த பிள்ளை. பிள்ளையை அங்கிருந்து வரவழைப்பானேன், தாய் இங்கே அரை மணி தூரத்தில் தம்பூனில் குவிந்து கிடக்கும்போது?

பம்ளிமாசை உரித்து, சுளையை அப்படியே மிக்சியில் அடித்தேன். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு, வேப்பெண்ணெய்க்குத் தம்பி. சுளையைச் சுற்றிய வெள்ளைத் தோலில் நரிஞ்சின் என்ற கசப்புப்பொருள் இருக்கிறது. மிக்சி அதையும் சேர்த்து அரைத்துவிட்டது. மறுநாள் மகளை உட்காரவைத்து, ஒவ்வொரு சுளையின் சவ்வையும் கையால் உரித்து, உள்முத்துகளை மட்டும் துணியில் கட்டிப் பிழிந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு பழத்துக்கு ஒரு பெரிய கிளாஸ் சாறு. நிறம் கொஞ்சம் மஞ்சள், வாசத்தில் பூ. மகளுக்குக் கூலி ஒரு கிளாஸ் சாறு, சோடா விட்டு.

பெரியவருக்கு இதைக் கொடுக்கவில்லை. கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர் மாத்திரை சாப்பிடுகிறார். கிரேப்ஃபுரூட்டைப் போலவே பம்ளிமாசும் சில மாத்திரைகள் உடலில் சிதையும் வேகத்தைக் கெடுத்து, மருந்து இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும்படி செய்துவிடும். சாராயமே கூடாது என்று நாங்கள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை, பம்ளிமாஸ் கூடாது என்றதும் பயந்துவிட்டார்.

அளவு: ரெப்போசாடோ 45, பம்ளிமாஸ் சாறு 90, கஸ்தூரி எலுமிச்சை 10, வெள்ளைப்பாகு 10, உப்பு ஒரு கிள்ளு, மேலே சோடா 60. சோடாவைக் கடைசியில் கிளாஸ் ஓரமாக விட்டு, கரண்டியால் ஒரே ஒருமுறை தூக்கிவிட வேண்டும். பிளாங்கோவிலும் நன்றாகவே வந்தது, இன்னும் வெளிச்சமாக, இன்னும் மிளகாக. மச்சான் பிளாங்கோ கட்சி, நான் ரெப்போசாடோ கட்சி. தீபாவளி வரை இந்த வழக்கு தீரவில்லை. அசாம் போய் என்ற, உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம் ஒன்றை நசுக்கிப் போடலாம் என்று மச்சான் சொன்னதைச் செய்துபார்த்தோம். உப்பும் புளிப்பும் சரி, ஆனால் அதன் அதிமதுர வாசம் எல்லாரையும் அதட்டி உட்கார வைத்துவிட்டது. ஒருமுறைக்குச் சரி.

அன்யேஹோவுக்கு வேலை கடைசியில்தான் கிடைத்தது. 2007-இல் நியூயார்க்கில் ஃபில் வார்ட் என்பவர் ரெப்போசாடோவோடு கொஞ்சம் மெஸ்கால் (அகாவேயிலிருந்தே வடிக்கும் இன்னொரு சாராயம்) சேர்த்து, ஓல்ட் ஃபேஷன்ட் முறையில், அதாவது கொஞ்சம் பாகும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் மட்டும் விட்டு, ஒரு கலவை செய்தார், வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட் என்று பெயர். என்னிடம் மெஸ்கால் இல்லை. அன்யேஹோ மட்டும் 60 மில்லி, குலா மலாக்காப் பாகு 10, அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு உதறல் என்று வைத்தேன். (இந்தப் பிட்டர்ஸ் வரும் திரினிடாட் தீவுக்கும் நம்மைப் போலவே சஞ்சி எனும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் உண்டு, அவர்களுக்குக் கரும்புக் காடு.) இனிப்பு தெவிட்டியது. வயதான டெக்கீலா தானே பாதி இனிப்பைச் சுமந்து வருகிறது, அதற்கு மேல் பாகு பாயசமாகிவிடும். 5 மில்லியாகக் குறைத்தேன். குலுக்காமல், பெரிய ஒரே ஐஸ் கட்டியோடு அரை நிமிடம் கரண்டியால் சுற்றி, ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கி எண்ணெய் தெறிக்கவிட்டேன். மார்கரிட்டாவில் பாக்கு மென்றது போலிருந்த அதே துவர்ப்பு, இங்கே புளிப்பு இல்லாததால் அழுத்தமான தேயிலை போல அடியில் நின்று தாங்கியது. இதில் ரெப்போசாடோ வைத்தபோது வற்றாத குழம்பு போல மெலிந்து நின்றது. அன்யேஹோ முதல்முறையாக ஜெயித்தது.

எக்ஸ்ட்ரா அன்யேஹோவை எதிலும் கலக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு 15 மில்லி, ஐஸ் இல்லாமல், மழைக்காற்றில்.

தீபாவளி முடிந்து போத்தல்களை அலமாரியில் அடுக்கியபோது கணக்குப் பார்த்தேன். ரெப்போசாடோ காலி. பிளாங்கோவில் இரண்டு விரல் அளவு. அன்யேஹோ பாதிக்குச் சற்று மேல். எக்ஸ்ட்ரா அன்யேஹோ கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பங்காளிகள் அடுத்த பங்குக்குப் பேச்சே எடுக்கவில்லை.

முதல் நாள் சுற்று முடிந்த இரவு ஜாடிகளைக் கழுவாமல் மூடியில்லாமல் விட்டிருந்தோம். மறுநாள் காலையில் பசியாறுவதற்கு முன்பு மனைவி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். பிளாங்கோ ஜாடியில் ஒன்றுமே இல்லை. ரெப்போசாடோவில் ஏதோ மாவு வாசம். எக்ஸ்ட்ரா அன்யேஹோவில் பழைய அலமாரி. அன்யேஹோ ஜாடியை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, "இதைக் கழுவ வேண்டாம்" என்று தனியே எடுத்துவைத்தாள். இப்போது அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.